மெஷின் கன் வந்த பிறகும் ரஷ்யாவில் குதிரைப்படை எப்படி எடுபட்டது?

திருமங்கலம் செல்வா:

எல்லாருக்கும் வணக்கம். சிம்மக்கல் டீக்கடையில் ஆரம்பித்த சண்டை, மூன்று நாளாகியும் முடியவில்லை. போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிற நண்பன் ஒருவன், 1917 புரட்சிக்கு அப்புறம் நடந்த உள்நாட்டுப் போரில் வெற்றி தோல்வியை முடிவு செய்ததே குதிரைப்படைதான் என்கிறான். கையில் வாள், காலுக்கடியில் குதிரை, அவ்வளவுதானாம்.

என் சந்தேகம் எளிமையானது. முதல் உலகப் போரிலேயே மெஷின் கன்னும் முள்கம்பியும் வந்து குதிரைப்படையை மூலையில் உட்கார வைத்துவிட்டன. அந்தப் போர் முடிந்தது 1918-இல். அடுத்த வருஷமே ரஷ்யாவில் ஆயிரக்கணக்கான பேர் குதிரையில் ஏறி மோதிக்கொள்கிறார்கள். அவர்களிடம் மெஷின் கன் இல்லையா? இருந்தும் எப்படி நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தோற்றவன் ஒரு வாரத்துக்கு வடையும் டீயும் வாங்கித் தரவேண்டும், அதனால் கொஞ்சம் அவசரம்.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:

தம்பி செல்வா, வடையை நீங்களே வாங்க வேண்டியிருக்கும்போலத் தெரிகிறது. ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணமும் தப்பு.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இவருக்கு என்ன தெரியும் என்பீர்கள். என் தாத்தாவும் அப்பாவும் மதுரை ரயில் நிலைய வாசலில் ஜட்கா ஓட்டியவர்கள். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். முப்பது வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டாலும் மனசு குதிரையிடம்தான். இந்தப் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த கிறுக்கு.

உங்கள் கேள்விக்குப் பதில் தூரத்தில் இருக்கிறது. பிரான்சில் மேற்குப் போர்முனையின் நீளம் சுமார் 700 கிலோமீட்டர். அதில் பல பத்து லட்சம் பேர் பதுங்குகுழிக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எலி நுழையக்கூட இடுக்கு இல்லை. அங்கே குதிரை என்ன செய்யும்? ரஷ்யாவின் தெற்கில் 1919 இலையுதிர் காலத்தில் போர்முனை ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. மதுரையிலிருந்து சென்னை போய்த் திரும்பி வருகிற தூரத்துக்கும் மேல். அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்துச் சில லட்சம் பேர். ஒரு படைப்பிரிவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆளே இல்லாத புல்வெளி கிடந்தது. மெஷின் கன் இருந்தது தம்பி. அது இல்லாத இடமும் நிறைய இருந்தது. குதிரைக்காரன் அந்த இடமாகப் பார்த்து உள்ளே போனான்.

அப்படிப் போனவர்களில் முக்கியமானவர் மாமந்தவ். புரட்சி அரசின் படை செம்படை என்றால், அதை எதிர்த்தவர்களின் படை வெள்ளைப் படை. அதில் கொசாக் தளபதி இவர். கொசாக் என்பது ஜாருக்குக் குதிரைப்படையில் சேவை செய்துவந்த சமூகம். 1919 ஆகஸ்ட் 10 அன்று ஏறக்குறைய 9,000 பேரோடு செம்படையின் வரிசையைக் கிழித்து உள்ளே போனார். ஒரு வாரத்தில் தம்போவ் நகரம் விழுந்தது. அடுத்து கஸ்லோவ். செம்படையின் தெற்கு முனைத் தலைமையகம் இருந்த ஊரே அதுதான், அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பாலங்களை உடைத்தார், கிடங்குகளை எரித்தார், நாற்பது நாள் ஆட்டம் காட்டினார். ஆனால் திரும்பும்போது படைக்குப் பின்னால் கொள்ளையடித்த சாமான் ஏற்றிய வண்டிகள் மைல் கணக்கில் வந்தன. கொசாக்குகள் கிடைத்ததை வீட்டில் இறக்க ஊருக்குப் போனார்கள். பாதிப் பேர் திரும்பவே இல்லை. வெற்றி பெற்ற படை வெற்றியாலேயே கரைந்துபோனது.

அடி வாங்கிய பிறகுதான் செம்படைக்குப் புத்தி வந்தது. அதன் தலைவர் ட்ராட்ஸ்கிக்குக் குதிரைப்படை என்றாலே பண்ணையார் வீட்டுப் பிள்ளைகளின் விஷயம் என்ற எண்ணம். அந்த மனிதரே செப்டம்பரில் 'பாட்டாளியே, குதிரையில் ஏறு' என்று அறைகூவல் விட்டார். அக்டோபர் 24-இல் செம்படைத் தளபதி புத்யோன்னியின் குதிரைப்படை வொரோனெஷ் நகரத்தைப் பிடித்தது. நவம்பர் நடுவில் பனிப்புயலுக்குள் கஸ்தோர்னயா ரயில் சந்திப்பும் விழுந்தது. அந்த மாதமே முதல் குதிரைப்படைச் சேனை உருவானது. அதுவரை குதிரைப்படை காலாட்படைக்குத் துணைக்குப் போகும். இப்போது ஒரு முழுச் சேனையே குதிரைமேல்.

ஆனால் வாள் வாள் என்கிறாரே உங்கள் நண்பர், அதற்கு வருகிறேன். அந்தப் போரின் நிஜமான ஆயுதம் ஒரு குதிரை வண்டி. தச்சான்கா என்பார்கள். வில் வைத்த இலேசான நான்கு சக்கர வண்டி, உக்ரைன் பக்கம் வசதியான விவசாயிகள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக வைத்திருந்தது. அதன் பின்பக்கம் மாக்சிம் மெஷின் கன்னைப் பின்னோக்கி வைத்தார்கள். இந்தத் துப்பாக்கி தாங்கியோடு சேர்த்தால் 60 கிலோவுக்கு மேல். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிற வகை, நிமிடத்துக்கு 500, 600 குண்டு. இதைத் தோளில் தூக்கி ஓடிப் பாருங்கள், முதுகு போய்விடும். வண்டியில் வைத்தால் மூன்று, நான்கு குதிரை இழுத்துக்கொண்டு பறக்கும். எதிரி துரத்தி வரும்போது ஓடிக்கொண்டே சுடலாம். இல்லையென்றால் நேராகப் போய், சட்டென்று வண்டியைத் திருப்பி, குதிரையின் முகம் தப்பிக்கிற திசையிலும் துப்பாக்கியின் முகம் எதிரியின் திசையிலும் இருக்கும்படி நிறுத்தலாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஜட்காவிலும் சவாரி ஏறுவது பின்பக்கம்தான். சாமான் அதிகமானால் வண்டி பின்னால் சாயும், அப்பா ஏர்க்காலில் ஏறி உட்கார்ந்து சமன் செய்வார். டவுன்ஹால் ரோட்டில் ஒரே இடத்தில் வண்டியைத் திருப்புவது ஒரு வித்தை. கடிவாளத்தை ஒரு பக்கம் சுண்டிவிட்டு நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார், குதிரை பின்னங்காலை ஊன்றித் திரும்பும். இரண்டு சக்கர வண்டிக்கே அப்படி. நான்கு குதிரையும் நான்கு சக்கரமும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு குண்டு பறக்கும்போது அதைச் செய்தவன் லேசுப்பட்டவன் இல்லை.

நெஸ்தர் மாக்னோவின் விவசாயப் படை இந்த வண்டியில் கைதேர்ந்தது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, இரண்டு பேரோடும் சண்டை. அவருடைய காலாட்கள்கூட வண்டியில்தான் போனார்கள். களைத்த குதிரையைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் புதுக்குதிரை பூட்டிக்கொள்வார்கள். 1919 செப்டம்பர் 26-இல் பெரிகோனவ்காவில் வெள்ளைப் படையை உடைத்தபின் இரண்டு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போய், வெள்ளைப் படைத் தளபதி தெனீக்கினின் படைக்குப் பின்புறத்தையே கலக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் தெனீக்கின் மாஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அனுப்பானடி அருண்:

ஐயா, அப்படியென்றால் வாள்வீச்சே இல்லையா? நான் பார்த்த படத்திலெல்லாம் வாளைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே வருகிறார்களே!

ஜட்கா வீட்டுப் பிள்ளை:

இருந்தது தம்பி. குண்டுக்குப் பஞ்சமான போர் அது, வாளுக்குக் குண்டு வேண்டாம். ஓடுகிற காலாளைக் குதிரைக்காரன் துரத்தினால் அதன் கோரம் வேறு. ஆனால் இரண்டு குதிரைப்படை நேருக்கு நேர் மோதியதைவிட, ஒன்று மிரண்டு திரும்பியதுதான் அதிகம். குதிரை ஒரு சுவரில் போய் மோதாது. எதிரில் வருகிற குதிரைக்கூட்டமும் அதற்குச் சுவர்தான். அழகர் ஆற்றில் இறங்குகிறபோது ஏறி வருகிறாரே தங்கக்குதிரை, அதற்குப் பயமும் இல்லை, தீனியும் வேண்டாம். நிஜக் குதிரைக்கு இரண்டும் உண்டு.

தீனி என்றதும் நினைவு வருகிறது, 1920 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இந்தப் போர் முழுவதிலும் என்னைத் தூங்கவிடாத கதை இது ஒன்றுதான்.

மாமந்தவ் டைபஸ் காய்ச்சலில் செத்துவிட்டார். அவர் இடத்துக்குப் பாவ்லவ் என்ற தளபதி வந்தார். பத்தாயிரம் பேருக்கும் மேலான குதிரைப்படை அவர் கையில். மானிச் ஆற்றங்கரையோரமாகப் போய்ப் புத்யோன்னியின் படையைப் பின்னாலிருந்து அடிக்க வேண்டும் என்று திட்டம். அந்தப் பாதையில் ஊர் கிடையாது. ஒன்றிரண்டு குதிரைப் பண்ணைக் குடிசை, மற்றதெல்லாம் வெட்டவெளி. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டிய குளிர், பனிக்காற்று. அவர்கள் போய்ச் சேர்ந்த தோர்கவயாவில் செம்படையினர் வீடுகளுக்குள் அடுப்புப் பக்கத்தில் தங்கியிருந்தார்கள். இரவில் தாக்கினார்கள், உள்ளே நுழைய முடியவில்லை. ஊருக்கு வெளியே பனியில் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி அதே வெட்டவெளி வழியாகத் திரும்பினார்கள். சண்டையில் செத்தவர்கள் கொஞ்சம். உறைந்தும், கை கால் கருகியும், கலைந்தும் போனவர்கள் படையில் கிட்டத்தட்டப் பாதி.

இதைப் படிக்கிறவர்கள், குதிரைக்குக் குளிர் ஆகாது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ரோமம் அடர்ந்த, தோன் ஆற்றுப் பக்கத்துத் தோன் குதிரை, வயிறு நிறைய வைக்கோல் தின்று, உடம்பு உலர்ந்திருந்தால் அந்தக் குளிரிலும் வெளியே நிற்கும். அதன் பெருங்குடலில் வைக்கோல் நொதிக்கிறபோது உண்டாகிற சூடுதான் அதற்கு அடுப்பு. குதிரையின் இரைப்பை உடம்பை ஒப்பிட்டால் சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கவேண்டிய பிராணி. தீனி நின்றால் அடுப்பு அணைகிறது. அதோடு ஓட்டி வியர்க்க வைத்து, ஈரத்தோடு காற்றில் நிறுத்தினால், முடிந்தது கதை.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. மார்கழி விடியலில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் சவாரியை இறக்கிவிட்டு அப்பா வருவார். வந்ததும் குதிரையைக் கட்டமாட்டார். சேணத்தைக் கழற்றி, சாக்கை முறுக்கி, கழுத்திலிருந்து விலா வரைக்கும் அழுத்தித் தேய்ப்பார். ஆவி பறக்கும், அதோடு ஒரு புளிச்ச வாசனை. அப்புறம் சந்து முனை வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். மூச்சு அடங்கி, காதடியைத் தொட்டுப் பார்த்தபின்தான் தண்ணீர், அதுவும் பாதி வாளி. அப்புறம் புல். கடைசியில்தான் ஊறவைத்த கொள்ளு. ஒருநாள் எனக்குப் பள்ளிக்கூட அவசரம், தேய்க்காமல் கட்டிவிட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் குதிரை வயிற்றுவலி வந்து படுத்துப் புரண்டது. அப்பா ராத்திரி முழுக்க அதை நடத்தினார். என்னை அடிக்கவில்லை, பேசவும் இல்லை, அது அடியைவிட மோசம். மதுரைக் குளிருக்கே ஒரு குதிரைக்கு இவ்வளவு சீர். பாவ்லவிடம் பத்தாயிரத்துக்கும் மேல்!

அந்த உறைந்த படையைத்தான் புத்யோன்னி அடுத்த வாரம் யெகோர்லிக்ஸ்கயாவில் எதிர்கொண்டார். இரண்டு பக்கமும் சேர்த்து 20,000-க்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள். அந்தப் போரின் மிகப் பெரிய குதிரைச் சண்டை என்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் முடிவு ஒரு வாரம் முன்னாடியே ஆற்றங்கரையில் எழுதியாகிவிட்டது.

புதுமண்டபம்:

ஜட்கா வீட்டு அண்ணே, குதிரை விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இருபது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த வாய், இரண்டு இடத்தில் குறுக்கிடாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று, சிவப்புக் குதிரைப்படை என்றாலே புத்யோன்னி என்று ஆக்கிவிட்டீர்கள். அதைத் தோன் பகுதியில் முதலில் கட்டியவர்களில் முக்கியமானவர் பரீஸ் துமென்கோ. புத்யோன்னி அவருக்குத் துணையாக இருந்தவர். 1919-இல் துமென்கோ படுகாயம் அடைந்ததும் படை புத்யோன்னி கைக்கு வந்தது. துமென்கோவை 1920 மே மாதம் செம்படைத் தரப்பே சுட்டது, கமிசாரை (படையில் கட்சி வைத்த அரசியல் அதிகாரி) கொன்றார், சதி செய்தார் என்று குற்றச்சாட்டு. இரண்டாம் குதிரைப்படைச் சேனையை நடத்தி 1920 அக்டோபரில் வெள்ளைப் படைத் தளபதி ரான்கெலை அடித்த ஃபிலிப் மிரோனவ், அடுத்த வருஷமே மாஸ்கோ சிறையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1960-களில்தான் இரண்டு பேர் மேலும் இருந்த பழியைத் துடைத்தார்கள். அதுவரை பாடப்புத்தகத்தில் மிஞ்சியவர்கள் புத்யோன்னியும் அவர் சேனையின் அரசியல் பொறுப்பாளர் வோரஷீலவும். இருவரும் ஸ்டாலினுக்கு வேண்டியவர்கள், 1935-இல் முதல் ஐந்து மார்ஷல்களில் இரண்டு இடம் இவர்களுக்கு. புத்யோன்னியின் மீசை பேர்போனது; ஆனால் யார் மீசை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து யார் எவ்வளவு செய்தார்கள் என்று கணக்குப் போடக்கூடாது.

இரண்டாவது, செல்வாவின் நண்பருக்கு: 1920 முடிவில் செம்படையில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல். குதிரைவீரர்கள் அதில் சிறு பங்கு. 1919 அக்டோபரில் ஓரியோல் பக்கம் வெள்ளைப் படையை நிறுத்தியதில் லாத்வியக் காலாட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் பாதைகள் கூடுகிற மாஸ்கோவும் ஆயுதத் தொழிற்சாலைகளும் செம்படை கையில் இருந்தன. குதிரை வேகத்தைக் கொடுத்தது. பிடித்த இடத்தைக் காத்தது காலாள்.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:

டீச்சர், துமென்கோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன், விட்டது என் தப்புத்தான். அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன், ஆனால் எழுதும்போது அந்த மீசை வந்து மறைத்துவிட்டது.

ஆனாலும் புத்யோன்னியிடம் எனக்கு ஒரு பாசம், அது அரசியல் இல்லை. அவர் கொசாக் இல்லை. கொசாக் நாட்டில் பிழைக்க வந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. அங்கே கொசாக்குக்கு நிலம் உண்டு, உரிமை உண்டு, வந்தேறிக்கு இரண்டும் இல்லை. ஜார் படையில் சேர்ந்து, பீட்டர்ஸ்பர்க் குதிரைப்பயிற்சிப் பள்ளியில் படித்து, குதிரை பழக்குவதில் பேர் எடுத்தவர். 1920 ஏப்ரலில், போலந்தோடு நடந்த போருக்காக அந்த முனைக்குப் போகச் சொன்னபோது ரயிலில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. எஞ்சினும் வண்டியும் போதாது, ஏற்றி இறக்க மாதக்கணக்காகும், வழியில் தீனி கிடைக்காது என்றார். காகசஸ் பக்கத்து மைக்கோப்பிலிருந்து உக்ரைனின் உமான் வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடத்தியே கூட்டிப்போனார். ஏப்ரல், மே. புல் முளைக்கிற பருவம் பார்த்து. சேர்ந்தபோது சுமார் 16,000 குதிரைவீரர்கள் சண்டைக்குத் தயாராக இருந்தார்கள். ஜூன் 5-இல் போலந்து வரிசையை உடைத்து, இரண்டு நாளில் ஷித்தோமிர், பெர்தீசிவ் நகரங்களுக்குள் போனார்கள். போலந்துப் படை கீவைக் கைவிட்டுப் பின்வாங்கியது.

செல்வா, மறுபக்கத்தையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அதே கோடையில் ஷ்லோபாவின் சிவப்புக் குதிரைப்படையை ரான்கெல் ஜூலை தொடக்கத்தில் வளைத்துச் சிதறடித்தார். அதில் விமானங்கள் தாழப் பறந்து குதிரைக் கூட்டத்தின்மேல் குண்டு போட்டுச் சுட்டன. புல்வெளியில் மறைய ஒரு மரம்கூட இல்லை. தூரம் குதிரைக்குச் சாதகம் என்றேனே, மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அதே தூரம் இன்னும் சாதகம். ஆகஸ்ட் 31-இல் கொமாரூவ் பக்கம் போலந்துக் குதிரைப்படையிடம் முதல் சேனையும் தோற்றுப் பின்வாங்கியது. நான்கு மாதம் ஓயாமல் ஓடி, லாடம் தேய்ந்து, முதுகெல்லாம் சேணப்புண்ணோடு நின்ற குதிரைகள்.

திருமங்கலம் செல்வா:

ஐயா, டீச்சர், ரொம்ப நன்றி. வடையில் பாதிப் பாதி என்று பேசி முடித்துவிட்டோம். ஒன்றே ஒன்று. போர் முடிந்தபின் அந்தக் குதிரைகள் என்ன ஆயின?

ஜட்கா வீட்டுப் பிள்ளை:

தோன் பக்கத்துப் பண்ணைகளில் நல்ல குதிரையே அரிதாகிவிட்டது தம்பி. மிஞ்சிய தோன் பெட்டைகளைச் சேர்த்து, இங்கிலீஷ் பந்தயக் குதிரையோடு கலந்து, சால்ஸ்க் புல்வெளிப் பண்ணைகளில் புது இனம் உண்டாக்கினார்கள். 1949-இல் அதைத் தனி இனமாக அங்கீகரித்தார்கள். பெயர் புத்யோன்னி இனம். பெரும்பாலும் செம்மட்டை நிறம், வெயிலில் தங்கம் மாதிரி மின்னும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குதிரையும் அதே நிறம்தான். ஆட்டோ பெருகிச் சவாரி குறைந்ததும் அப்பா அதை விற்றார். வாங்கியவர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தபோது அது நகரவில்லை. அப்பா உள்ளேயிருந்து அந்த நாக்குச் சத்தத்தைக் கொடுத்த பிறகுதான் நடந்தது. அவர் வெளியே வரவில்லை.